5005 இறங்கிய மதியம்

“எங்க நம்பர் புது வண்டியில ரெண்டு நாள் இருந்துட்டு, பிடிக்கலைன்னு திரும்பி வந்துடுச்சுங்க” என்று வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஸ்க்ரூடிரைவர் வச்சுக் கழட்டினீங்களாக்கும்?” என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர்.

அம்மாள் தலை குனிந்துகொண்டார்.

பின்னால் நின்ற நித்திலா அம்மாவின் பழைய காரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில், நம்பர் தானாக இறங்கினால்தான் வேறு காருக்கு மாற்றித் தருவார்கள். அதற்குப் பழைய காரின் மனம் நிறைய வேண்டும். வீட்டார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அது தெரிந்தே செய்த உதவி ஒன்றைச் சொல்லி நன்றி கூறுவது வழக்கம்.

5005 அம்மாவின் நம்பர். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகிய அம்மா, தனக்கென்று அடம்பிடித்து வாங்கியது அது ஒன்றைத்தான். போன தையில் அம்மா போய்விட்டாள். பழைய காரை ஏற்றிப்போகக் காயலான் கடை லாரி அலுவலக வாசலில் நின்றது. இறங்காவிட்டால் நம்பரும் அதோடு போய்விடும்.

அண்ணன் தர்மராஜ் முதலில் முன்வந்தான். “நல்ல மைலேஜ் கொடுத்ததுக்கு நன்றி” என்று கணீரென்று சொன்னான்.

கார் அசையவில்லை.

“அது இன்ஜினுக்குச் சொல்ற நன்றிங்க தம்பி. வண்டிக்குச் சொல்லுங்க” என்றார் ஆய்வாளர் கிறிஸ்துதாஸ்.

“ஒரு தடவைகூட பஞ்சர் ஆகாததுக்கு…”

“அது டயருக்கு.”

தர்மராஜ் பின்வாங்கினான். “நீ சொல்லு பாப்பா. அம்மாகூட எப்பவும் நீதானே போவே.”

நாலு பேர் முன்னால் நித்திலாவுக்குக் குரல் எழும்பாது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகப்பு விளக்கருகே வாயை வைத்துக்கொண்டாள்.

“காலேஜ் மேடையில பேச்சு வராம இறங்கி வந்தேனே, அன்னிக்கு, பின்சீட்ல அழுதுட்டு வந்தப்போ, கொளுத்துற வெயில்ல நீயா வைப்பரைப் போட்டே. அம்மா வைப்பரைத் திட்டிக்கிட்டே வந்தா. வீடு வரைக்கும் என் பக்கம் திரும்பிப் பார்க்கலை. அதுக்கு நன்றி.”

திருகாணிகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. முதலில் ஐந்து இறங்கியது. இரண்டு பூஜ்யங்களையும் உருளவிடாமல் பிடித்துக்கொண்டு கடைசி ஐந்தும் இறங்கியது. வரிசை வழிவிட்டது. நான்கும் மரத்தடியில் நின்ற அவர்களுடைய புதுச் சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறி வரிசையாக அமர்ந்தன. தர்மராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுக் காரின் டயருக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தான்.

பழைய கார் வெறும் நெற்றியோடு நின்றது.

“இந்த வண்டியை ஏத்திடட்டுங்களா?” என்று லாரிக்காரர் கேட்டார்.

“நம்பரும் பேரும் இல்லாத ஒண்ணை வாசல் தாண்ட விடக்கூடாதுங்க” என்றார் கிறிஸ்துதாஸ்.

லாரி வெறுமையாகப் போயிற்று.

“சார், இனி இது எங்க இருக்கும்?” என்று நித்திலா கேட்டாள். இந்த முறை வரிசைக்கே கேட்டது.

கிறிஸ்துதாஸ் காரின் அருகே வந்தார். பிறகு தன் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைக் கழற்றி அதன் முகப்பில் மாட்டினார். அதை உள்ளே கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.