எத்தனை வோல்ட் தாங்கும்?

திண்டுக்கல் கடையில் சுப்புராஜும் மணிமேகலையும் குரலை உயர்த்தாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் சோலாருக்கான இரண்டு சார்ஜ் கண்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று கனமானது, முதுகில் அலுமினியப் பட்டைகள் வைத்தது. இன்னொன்று நீலநிறத்தில் சின்னப் பெட்டி. இரண்டின் மேலும், உயர்ந்த ரகத்துக்குப் போடுகிற எம்.பி.பி.டி. என்ற எழுத்துகள் அச்சடித்திருந்தன. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டிருக்கான்ல?" என்றான் சுப்புராஜ்.

மணிமேகலை நீலப்பெட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இம்புட்டு லேசா இருக்குங்க. உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"பூண்டு போற வெலையில பெருசு எப்படிப் புள்ள வாங்குறது?"

நீலப்பெட்டியோடு மலையேறினார்கள்.

அவர்கள் வீடு கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்கு மேலே, பூண்டு வயலின் ஓரத்தில் இருந்தது. தகரக்கூரை. காற்றுக்கு ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்ட் வர நாள்கணக்கில் ஆகும். வெறும் விளக்குக்காக என்றால் மெழுகுவர்த்தியோடு சமாளித்திருப்பார்கள். ஆனால் அந்த வருடம் மணிமேகலையின் தங்கை சுபஸ்ரீ, கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அவர்களோடு வந்து தங்கியிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவளுக்கு ஆஸ்துமா. குளிர் இறங்கினால், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் இல்லாமல் முடியாது. நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும்.

ஒரு ரிசார்ட்டைப் பிரித்தபோது பழைய சோலார் பேனல் ஒன்று சுப்புராஜுக்கு மலிவாகக் கிடைத்தது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் புதிதாக வாங்கினான். மிச்சம் இருந்தது கண்ட்ரோலர்தான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று, பேட்டரி நிறைந்ததும் கரண்ட் வருவதை நிறுத்துகிற சாமான். அதுவும் வந்துவிட்டது. பேனலைக் கூரைமேல் மாட்டினார்கள். குளிர் படாமல் இருக்கட்டும் என்று பேட்டரியைச் சுபஸ்ரீ படுக்கிற அறை மூலையில் வைத்தார்கள். மேகமூட்டமாகவே இருந்த ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அடுத்த ஞாயிறு காலை கடுங்குளிர். பனி விலகியதும் கண் கூசுகிற வெயில் அடித்தது. சுப்புராஜ் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்போடு வெள்ளனே போய்விட்டான். முந்தின நாள் இழுப்பு வந்து களைத்திருந்த சுபஸ்ரீ உச்சிப்பொழுதாகியும் எழவில்லை. மணிமேகலை அடுப்படியில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

முதலில் அடுப்படிக் குப்பையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நாற்றம் அறைக்குள்ளிருந்து வந்தது. கதவைத் தள்ளினாள்.

பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. மூடிகளின் ஓரத்தில் உலைநீர் மாதிரி களகளவென்று சத்தம். பக்கவாட்டு பிளாஸ்டிக் உப்பியிருந்தது. நீலப்பெட்டியின் திரை அணைந்து, ஒரு மூலை உருகிக் கருகிப்போயிருந்தது. கட்டிலில் சுபஸ்ரீ எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

மணிமேகலை ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். தங்கையைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்து வந்தாள். வாசல் படியில் உட்கார வைத்து, வாயில் வைத்து அழுத்துகிற மருந்துப் பம்ப்பைக் கையில் கொடுத்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு சுப்புராஜுக்குப் போன் போட்டாள்.

"பேட்டரி கொதிக்குதுங்க! பாப்பாவுக்கு மூச்சு முட்டுது!"

"வயரைப் புடுங்கு! பேட்டரி வயரைப் புடுங்கு! நான் இந்தா வாரேன்."

அவள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு மறுபடி அறைக்குள் போனாள். சிவப்பு வயரை நோக்கி நீட்டிய கை அப்படியே நின்றது. பேட்டரியின் நெற்றியில் ஒரு தீப்பொறிப் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. வயரைக் கழற்றினால் பொறி பறக்கும். சுப்புராஜ் மாட்டிய அன்றைக்கே பறந்தது, அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்த நாற்றத்துக்கு நடுவில் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

கையை இழுத்துக்கொண்டாள்.

வயரைத் தொடாமல் நிறுத்த வேண்டுமென்றால் வெயிலை நிறுத்த வேண்டும். அவளுக்கு அது பட்டென்று தோன்றியது. வெளியே பாய்ந்து, பூண்டு காயப்போடுகிற தார்ப்பாயை உருவினாள். அடுத்த வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த இருளாயியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வெரசா வாங்க! பாப்பாவத் தூக்கி ரோட்டுப்பக்கம் கொண்டு போங்க! வீட்டுக்குள்ள மட்டும் போயிராதீங்க!"

இருளாயி என்ன ஏது என்று கேட்கவில்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்து சுபஸ்ரீயைத் தூக்கிக்கொண்டாள்.

மணிமேகலை ஏணியைச் சாய்த்து ஏறினாள். பாசி பிடித்த தகரம் காலை வழுக்கியது. முட்டி போட்டு, ஆணி வரிசையைப் பிடித்து நகர்ந்தாள். கீழே, சரியாக அவள் வயிற்றுக்கு நேரே, பேட்டரி கொதிக்கிற சத்தம் தகரத்தின் வழியே கேட்டது. வெடித்தால் எந்தப் பக்கம் விழுவோம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை.

பேனல்மேல் தார்ப்பாயை விரித்ததும் காற்று அதை அடியிலிருந்து தூக்கி அவள் முகத்தில் அடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை தார்ப்பாயோடு சேர்ந்து அவளே பேனல்மேல் குப்புற விழுந்தாள். கைகால்களைப் பரப்பி அதன் நான்கு ஓரத்தையும் அழுத்திப் பிடித்தாள். கண்ணாடியின் சூடு தார்ப்பாயைத் தாண்டிச் சுட்டது. எழுந்தால் காற்று பறித்துவிடும். அப்படியே கிடந்தாள்.

கீழே களகளப்பு அடங்குகிறதா இல்லையா என்று தெரியவில்லை. காது முழுக்கக் காற்று.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கத்தினாள்.

"மூச்சு வாங்குது! பம்ப்பு தீந்துபோச்சாம்!" ரோட்டிலிருந்து இருளாயியின் குரல் வந்தது.

மணிமேகலை தார்ப்பாயை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இறங்கவும் முடியாது, தங்கையைப் பிடிக்கவும் முடியாது.

ஜீப் சத்தம் கேட்டதும்தான் அழுதாள். சுப்புராஜ் வீட்டை நோக்கி ஓடிவந்தான். "உள்ளே போகாதீங்க! பாப்பாவ ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க!" என்று கூரையிலிருந்து கத்தினாள். அவன் அண்ணாந்து பார்த்தான், உடனே ரோட்டுப்பக்கம் திரும்பி ஓடினான். சுபஸ்ரீயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜீப் வளைவில் மறைந்தது.

இருளாயி கல்லும் கயிறுமாக ஏணியில் ஏறி வந்தாள். இருவருமாகத் தார்ப்பாயைக் கட்டி முடித்தபோது கீழே சத்தம் நின்றிருந்தது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து சுபஸ்ரீயை அனுப்பினார்கள். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா சிரமமாகியிருக்கும்" என்றார் டாக்டர். சுப்புராஜ் அதைக் கேட்டு மணிமேகலை பக்கம் திரும்பினான்.

"மணி, நான்..."

"இப்போ ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் நீலப்பெட்டியைத் திருப்புளியால் பிளந்தான். உள்ளே சின்ன மின்சுற்று அட்டை, கருகி ஒட்டிப்போய்ப் பேனல் கரண்டைத் தடுக்காமல் பேட்டரிக்கு விட்டிருந்த இரண்டு சில்லு. பெட்டியின் அடியில் எறும்பெழுத்தில், பேனல் வோல்ட் இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருந்தது. பேனலின் முதுகு ஸ்டிக்கரிலோ நாற்பத்தைந்து. மணிமேகலை வோல்ட் அளக்கிற மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி, விடியற்காலைக் குளிரில் தார்ப்பாயை விலக்கி அளந்தாள். குளிருக்கு வோல்ட் ஏறி நாற்பத்தெட்டைக் காட்டியது.

இந்த முறை அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அலுமினியப் பட்டை வைத்த பெரிய கண்ட்ரோலரைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

"அது எங்களுக்குக் கட்டாது" என்றாள் மணிமேகலை. "கம்மி விலையில, பேனல் வோல்ட்டு நிறைய தாங்குறது இருக்கா?"

"இருக்கு. சாதா பி.டபிள்யூ.எம். இது ஐம்பது தாங்கும்."

"குளிருல எங்க பேனலே நாப்பத்தெட்டு ஓடுது. ஐம்பது ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல?"

கடைக்காரர் அலமாரியில் தேடி, பளபளப்பில்லாத சாம்பல்நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். "அறுபது. ஆனா இதுல பேனல் தர்றதுல பாதிக்கு மேல வீணாப் போகும்மா. பரவாயில்லையா?"

"மிச்சத்துல நாலு லைட்டும் நெபுலைசரும் ஓடுமா?"

"தாராளமா ஓடும்."

"போதும். பேனல் வயருல ஒரு சுவிட்சும் வேணும். கையால அணைக்கிற மாதிரி."

சுப்புராஜ் அவள் சொன்னதை எல்லாம் வாங்கிப் பையில் போட்டான். பேட்டரியையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக ஜீப்புக்குப் போட இருந்த டயரை அவன் தள்ளிப்போட்டான். வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமாக ஒரு தகரக் கூடு அடித்து, பேட்டரியை அதற்குள் வைத்தான். சுவிட்சை மட்டும் அடுப்படிச் சுவரில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினான்.

ஐப்பசி மழையில் பெருமாள்மலைப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனது. மூன்றாம் நாளும் வரவில்லை. சாயங்காலம் மூடுபனி வாசல்வரை வந்து நின்றபோது சுபஸ்ரீக்கு இழுப்பு தொடங்கியது. நெபுலைசரைப் போட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் மணிமேகலை கூட்டுக்குப் போய்ப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனாள்.

அங்கே சுப்புராஜ் ஏற்கெனவே குந்தி உட்கார்ந்து, பேட்டரிமேல் கை வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கெடக்கு" என்றான்.

அவளும் பக்கத்தில் குந்தினாள். உள்ளே மெஷினின் இரைச்சல் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.