விரல் நுழையாத சுவர்

என் மருமகன் பூசிய சுவரில் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முப்பது வருடம் கிணறு வெட்டிப் பிழைத்தவன் நான்; ஆழத்தைத் தவிர வேறு எதையும் கூட்டிச் சொன்னதில்லை.

சுரங்கம் வந்த புதிதில் எங்கள் தெருவுக்கு யோகம் அடித்தது. வெளியூர் ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கினார்கள், தங்க இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் கோழிக்கூட்டைக் கழுவி, வெள்ளையடித்து, வாடகைக்கு விட்டார். அதில் தங்கிய இரண்டு பேர் விடியற்காலையில் கூவிக்கொண்டே எழுந்ததை நானே கேட்டிருக்கிறேன். மருமகன் கொத்தனார். அந்த இரண்டு வருடமும் அவருக்குக் கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட நேரமில்லை. மகள் சுரங்கத்து ஆட்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்தாள். கொடியில் இடமில்லாமல் என் தோளிலும் இரண்டு சட்டைகள் காயும்.

பிறகு கம்பெனி வேலி போட்டது. வேலிக்குள்ளேயே குடியிருப்பு, கடை, சலூன் எல்லாம் வந்துவிட்டன. வீட்டுச் சுவரைக்கூட எங்கோ வார்த்து, லாரியில் கொண்டுவந்து நட்டுவைத்தார்கள். மருமகனுக்கு வேலை நின்றது. எதிர்வீட்டுக் கூட்டுக்குத் திரும்பிவரக் கோழிகளும் மறுத்துவிட்டன.

அடுத்துத் தண்ணீர் போனது. குழி ஆழமாக ஆக, அதில் ஊறுவதையெல்லாம் பம்ப் வைத்து இறைத்துத் தள்ளினார்கள். நான் வெட்டிய பதினேழு கிணறுகளும் ஒரே கோடையில் வற்றின. கடைசிக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. மூன்றாம் நாள் சுரங்கத்திலிருந்து ஒருவன் தலையில் கட்டுடன் வந்து, கல் போட்டது யார் என்று தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் இல்லாமல் எதை வெளுப்பது? மகளின் தொழிலும் அதோடு முடிந்தது. வாரம் இரண்டு முறை லாரி வரும். மூன்று பேருக்கு நான்கு குடம்.

இந்த லட்சணத்தில் தினமும் மதியம் ஒரு மணிக்கு வெடி. தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் பிளந்தது. எங்கள் வீட்டுச் சுவரும்தான். ஆனால் மருமகன் அன்றன்றைய விரிசலை அன்றன்றே பூசிவிடுவார். சிமெண்ட், சலித்த மணல், அவருக்கு மட்டும் தெரிந்த இன்னும் ஏதோ ஒன்று. சொந்த வீட்டில் விரிசல் வைத்திருக்கும் கொத்தனாரை நம்பி யார் வேலை கொடுப்பார்கள் என்பார். வேலை கேட்டு அலையும் மனிதருக்கு அந்த வீடுதான் விளம்பரப் பலகை. மூன்று வருடம், ஒருநாள் தவறாமல் பூசினார்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வெடியால் விரிசல் விட்ட வீடுகளுக்கு, டவுனை ஒட்டி மாற்று மனையும் குழாயும் தருவார்களாம். குழாயைத் திறந்தால் தண்ணீர். தெருவைத் தாண்டினால் கட்டட வேலை. இங்கேயே கிடந்தால் நாங்கள் மூவரும் வற்றிய கிணற்றுக்கு ஜோடியாக வேண்டியதுதான். தகுதியுள்ள வீட்டுச் சுவரில் சிவப்பு நம்பர் எழுதுவார்கள். அந்த நம்பருக்காகத் தெருவே தவம் கிடந்தது.

அளக்க வந்தவருக்குச் சுண்டுவிரல் என்று பெயர் வைத்தோம். அளவுக்கருவி தூசியில் எங்கோ புதைந்துபோனதால், சுண்டுவிரலை விட்டே பார்ப்பார். முதல் கணு வரை நுழைந்தால் நம்பர். அவருக்கு யாரும் பலகாரம் கொடுக்கக் கூடாது, விரல் பருத்துவிடும் என்று தெருப் பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள். பச்சைத் தண்ணீர் கொடுக்கலாம் என்றால் அதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரைத் தடவினார். தட்டினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். அருமையான வேலை, யார் செய்தது என்று கேட்டார். வருடக்கணக்கில் யாரும் அப்படிக் கேட்காத மனிதர் என் மருமகன். அந்த மகிழ்ச்சியில் வாயைத் திறந்துவிட்டார்.

"மூணு வருஷமா வெடிக்கிறாங்க சார். இந்தச் சுவத்துல ஒரு கீறல் தங்க விட்டதில்ல."

சுண்டுவிரல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சேதம் இல்லை என்று வீட்டுக்காரரே சொல்கிறார் என்று கீழே ஒரு வரி. மருமகனும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் மகள் கணவரின் கரணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லாருக்கும் வேல தெரியாதவன் புருஷனா கெடைச்சான்," என்றாள். "எனக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல."

நம்பர் பட்டியலை மூட இருபது நாள் இருந்தது. கடப்பாரையால் நாலு போடு போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அது ஏற்கெனவே நடந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர் அப்படிச் செய்ததை, விரிசலை முகர்ந்து பார்த்தே சுண்டுவிரல் கண்டுபிடித்து நம்பரை அழித்துவிட்டார். பழைய விரிசலாக இருக்க வேண்டும், அல்லது அவர் கண்ணெதிரே வெடியில் விட வேண்டும்.

பழைய விரிசல்தான் சுவர் முழுக்க இருக்கிறதே, பூச்சை மட்டும் பதமாக எடுத்தால் போதும் என்று மருமகன் உளியோடு இறங்கினார். காலையிலிருந்து சாப்பிடாமல் சுவரைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நனைத்துப் பார்த்தால் பூசிய இடம் நிறம் மாறித் தெரியும் என்று, குடிக்க வைத்திருந்த அரைக்குடத்தை மகளே எடுத்துவந்து சுவரில் ஊற்றினாள். சுவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒரே நிறமாக நின்றது.

"மாமா," என்று என்னைக் கூப்பிட்டார். "எங்க பூசினேன்னு எனக்கே தெரியல."

நான் சுரங்க வேலிக்குப் போனேன். வெடி வைப்பவன் அந்தக் கோழிக்கூட்டில் தங்கியிருந்தவர்களில் ஒருவன். மகள் அவனுக்கு இரண்டு வருடம் துணி வெளுத்துக் கொடுத்தவள். விஷயத்தைச் சொன்னேன். ஊரில் எல்லாரும் வெடியைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிறார்கள், கூட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நான்தான் என்றான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அக்காவுக்காக ரெண்டு குச்சி சேத்துப் போடுறேன் பெரியவரே. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

கடைசி நாள். மகள் போய்க் கெஞ்சிச் சுண்டுவிரலைக் கூட்டிவந்தாள். ஒரு மணி வரை காத்திருக்க அவர் சம்மதித்தார். நல்ல மனிதர், விரலைக்கூடத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நாலு பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். மகள் உதடு முணுமுணுத்தது. விழுந்துடு, விழுந்துடு என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

வெடித்தது. டீக்கடையின் இரும்புக் கதவு கழன்று நடுத்தெருவில் வந்து படுத்தது. லாரித் தொட்டியின் மூடி பறந்துபோய் அடுத்த தெருவில் ஒருவருக்குக் கூரையானது. என் பல்செட் வாயிலிருந்து குதித்துச் சுண்டுவிரலின் செருப்பைக் கடித்துக்கொண்டு நின்றது. சுவரிலிருந்து தூசிகூட உதிரவில்லை.

மருமகன் சுவரோரம் போனார். தன் சுண்டுவிரலைச் சுவரில் வைத்து அழுத்தினார். நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. எங்கள் சுவரில் விழுந்த சிவப்பு அது ஒன்றுதான்.

"நுழைய எடம் வேணும்ல கொத்தனாரே," என்றார் சுண்டுவிரல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பட்டியலை மூடினார். என் பல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் தெரு காலியானது. எதிர்வீட்டுக்காரர் போகும்போது கோழிக்கூட்டையும் லாரியில் ஏற்றினார்; அதற்கும் நம்பர் கிடைத்திருந்தது. ஆட்கள் போனதும் தண்ணீர் லாரியும் நின்றுவிட்டது. மகள் சுரங்க வாசலில் குடத்தோடு நிற்கிறாள். யாராவது இரக்கப்பட்டால் நிறையும். மருமகன் கரணையைத் தொடுவதில்லை. சுவரைப் பார்க்கவும் மாட்டார்.

சுவர் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். இவ்வளவையும் அதிலிருந்து கையை எடுக்காமல்தான் சொல்லி முடித்தேன்.

நான் கையை எடுத்த மறுநாள், அதாவது பட்டியல் மூடிய ஒன்பதாம் நாள், மதியம் ஒரு மணி வெடியில், அந்தச் சுவர் இடிந்து விழுந்தது.