கழுத்தில் விளைந்த கதிர்

வாருங்கள், வாசகப் பெருமக்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், மங்கம்மாள் என்னும் பெண்ணின் கழுத்தில் ஆண்டுதோறும் சாமை விளைகிறது. விளைந்தது அநீதியன்று; விளைச்சலை உண்டவர்கள் அவளுக்குச் செய்ததே அநீதி.

1976இல் அவள் கண்கள் பிதுங்கின, கைகள் நடுங்கின, கூழை இரு மடங்கு குடித்தும் உடல் கரைந்தது. பேய் என்றது ஊர். கணவன் அர்ச்சுனன் அதை நம்பாமல், அவளைச் சமவெளி நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். அங்கே கதிரியக்க அயோடினைச் சிறிதளவு குடிக்கக் கொடுத்து, உடம்பில் அது எங்கே சேர்கிறதென்று கருவியால் பார்த்தார்கள். கழுத்துச் சுரப்பி அதை அள்ளி விழுங்கியிருந்தது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. அதே மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து, வெறிகொண்ட சுரப்பியை உள்ளிருந்தே சுட்டு அடக்கினார்கள். வழியனுப்பிய ஊழியர், "கதிர் அடங்குற வரைக்கும் கொழந்தைய தொடாதம்மா, தள்ளியே இரு" என்றார். சில நாள்தான் என்று சொல்ல மறந்தார்.

சமவெளியில் கதிர் என்றால் கண்ணுக்குத் தெரியாத வீச்சு; மலையில் கதிர் என்றால் சாமை. அறுவடை முடியும்வரை அவள் ஊருக்கு வெளியே, தீட்டுக் குடிசையில் இருக்கவேண்டுமென்று ஊர்க்கவுண்டர் வேடியப்பன் தீர்ப்பளித்தார். மூன்று வயது மகள் அம்சவல்லி வீட்டிலேயே நின்றுவிட்டாள். நடுக்கம் நின்றது, உடல் தேறியது. நோய் முற்றிலும் போயிற்று. ஆனால் காட்டில் கதிர் அறுத்த மறுநாளே, ஊர்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோல், அவள் கழுத்தில் ஒரு கதிர் தலைசாய்த்து நின்றது. அறுத்தாள், மறுபடியும் வந்தது. கதிர் அடங்கவில்லை என்றார்கள்.

1983இல் மழை பொய்த்து மலைக்காடெல்லாம் காய்ந்தது. மங்கம்மாளின் கழுத்து மட்டும் விளைந்துகொண்டே இருந்தது. விடியலில் அவள் அறுத்துக் குடிசை வாசலின் மூங்கில் படலோரம் வைத்ததை ஊரே அள்ளிப்போய்க் கஞ்சி காய்ச்சியது. தானியத்துக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு! அம்சவல்லியும் அந்தச் சாமையில்தான் வளர்ந்தாள், அதை விளைத்த கழுத்தை ஒருநாளும் கட்டிக்கொள்ளாமல். பஞ்சம் தீர்ந்த பிறகு ஊருக்கு அவள்மேல் இருந்த பயமும் தீர்ந்தது, குடிசை தீரவில்லை. அடுத்த பஞ்சத்துக்கு யார் விளைப்பார்கள்?

மகளின் கல்யாணம் குறித்த ஆண்டில் அர்ச்சுனன் ஒரு மருத்துவரை மலைக்கு அழைத்துவந்தான். அவர் கதிர்வீச்சை அளக்கும் கருவியை அவள் கழுத்தில் வைத்தார். அது மௌனமாக இருந்தது.

"கதிரே இல்லீங்க. மருந்து குடிச்ச வருசமே போய்ட்டுது. தாராளமா வூட்டுக்கு வரட்டும்."

வேடியப்பன் அவள் கழுத்தைக் காட்டினார். "கதிர் இல்லியா? அப்ப இது இன்னா டாக்டரே, கொத்தமல்லியா?"

ஊர் சிரித்தது. மருத்துவர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையிறங்கினார். படலுக்கு அப்பால் மணப்பெண் நின்றாள். இப்பால் தாய் நின்றாள். "மஞ்ச பூசியிருக்கிற, தீட்டு ஒட்டிக்கும், கிட்ட வராத" என்று தாயே சொன்னாள். தாலி கட்டும்போது கொட்டிய மேளத்தைக் குடிசையிலிருந்து கேட்டாள்.

இன்றும் கதிர் வருகிறது, இன்றும் அறுக்கிறாள். கழுத்தில் சாமை விளைந்தால் விளையட்டும், அதற்காக ஒருத்தி குடிசையில் சாகவேண்டுமா? மருத்துவர்களே, தள்ளி இரு என்று சொல்லும்போதே எப்போது திரும்பலாமென்று அவளுக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள். வாசகர்களே, படித்து முடித்து மடித்து வைக்காதீர்கள். ஜீப் ஏறுங்கள். அந்தப் படலைப் பிடுங்கி எறியுங்கள். மங்கம்மாளை அவள் மகள் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.