ஜெயக்கொடியின் முதல் போணி

1

உண்மையைச் சொல்லிவிடலாம்: இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. பசுமலையில் பெண்களுக்குத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் முத்துமீனா, 'தன்னம்பிக்கையின் ஏழு படிகள்' என்று திரையில் காட்டினாள். மூன்றாம் படியிலேயே வகுப்பு கொட்டாவி விட்டது. அவளுக்கே தூக்கம் வந்தது. திரையை அணைத்துவிட்டு, கதை எழுதி வாசிப்பது என்று முடிவெடுத்தாள்.

கதைக்கு ஆள் முன்பெஞ்சிலேயே இருந்தாள். ஜெயக்கொடி, கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் பருத்திப்பால் கடை போட்டு ஒரே நாளில் மூடியவள். "இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள். அவளை மறுபடி கடை போட வைக்க வேண்டும். கதைக்கு வேறு வேலை இல்லை.

2

'கதிரவன் கப்பலூரின் மீது பொற்கிரணங்களை...'

(வேண்டாம். ஷிப்டுக்கு ஓடுகிறவன் எந்தக் கதிரவனைப் பார்த்தான்?)

'சுக்கு வாசத்துக்கே கூட்டம் கூடிவிட்டது. ஆனால் முதல் போணியைக் கைராசிக்காரரான பெரியப்பா மொக்கையன்தான் செய்ய வேண்டும். அவரைக் காணோம். ஜெயக்கொடி துணிந்தாள். முதலில் நின்றவருக்கே ஊற்றினாள். அன்றுமுதல் அவள் வாழ்வில்...'

"எங்க ஊத்துனேன்?" வாசிப்பை மறித்தாள் ஜெயக்கொடி. "'பொறுங்கண்ணே, பெரியப்பா வந்துருவாரு'ன்னே நின்னேன். ஷிப்டுச் சங்கு ஊதிருச்சு. அம்புட்டுப் பேரும் உள்ள போயிட்டாக. அப்புறம்தான் பெரியப்பா வந்தாரு. ஒரு டம்ளர் குடிச்சாரு, 'அமிர்தம் தாயி'ன்னாரு, போயிட்டாரு. போணி ஆச்சு. அவரு ஒருத்தருக்கு மட்டும்!"

வகுப்பே சிரித்தது. ஜெயக்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

3

முடிவுகள், கைவசம் உள்ளவை:

அ) ஒரே வருடத்தில் ஐந்து கடை, ஒரு கார். (நம்புவார்களா? முத்துமீனாவே நம்பவில்லை.)

ஆ) பெரியப்பா மனம் திருந்தி... (அவர் என்ன தப்பு செய்தார், பாவம்?)

"நீயே சொல்லு ஜெயா, எப்படி முடிக்க?"

ஜெயக்கொடி யோசித்தாள். "அன்னைக்கு மொதல்ல கை நீட்டுனது ஒரு வெல்டிங் பொண்ணு. அது கையில ராசி இல்லன்னு எனக்கு யாரு சொன்னா?" சட்டென்று எழுந்து நின்றாள். "நாளைக்குப் போறேன் மேடம். யாரு மொதல்ல வந்தாலும் ஊத்திருவேன். கதைய இங்கனயே நிறுத்துங்க. வித்துட்டு வந்து சொல்லுதேன்."

முத்துமீனா கையிலிருந்த தாளை மடித்தாள். ஏழு படிகளையும் ஒரே தாவாகத் தாவிவிட்டாளே!

4

முத்துமீனா எழுதிய முதல் கதை இது. பத்திரிகைகளில் கதை எழுதும் அசோக்குமார் சாரிடம்தான் முதலில் காட்ட நினைத்தாள். அவர் வாசித்த கதை கண்டிப்பாக அச்சாகும், அப்படி ஒரு கைராசி...

அந்தச் சொல்லிலேயே பேனா நின்றது. அடிப்பாவி, இவளும் ஒரு பெரியப்பாவுக்குத்தான் காத்திருந்தாளா?

அதனால் கதை சூடாக, முடிவில்லாமல், முதலில் கை நீட்டிய உங்களிடம் வந்துவிட்டது. கப்பலூரின் நாளைக் காலையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போணி உங்களுடையது. உங்கள் கை ராசியானதா என்று முத்துமீனா கேட்கப் போவதில்லை.