லுரேனுக்காக அடித்த மணி

மூடுபனி கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தபோது லுரேன் மேட்டுச் சரிவில் காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்தான். முதலில் ஆறு மறைந்தது. பிறகு ருன்சுத் ஊரின் கல் கூரைகள் ஒவ்வொன்றாக முழுகின. கடைசியில் தேவாலயக் கோபுரத்தின் உச்சிச் சிலுவை மட்டும் மூழ்கிய கப்பலின் பாய்மரம்போல் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. அதுவும் போயிற்று.

ஆகஸ்ட் மாதத்தில் இப்படி வருவது புதிதல்ல. அரை மணியில் கலைந்துவிடும் என்று புல்வாரியைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தான். கலையவில்லை. கையை நீட்டினால் விரல்கள் தெரியவில்லை. உலகத்தில் இருந்ததெல்லாம் ஈரப்புல்லின் வாசனையும் அவன் மூச்சுச் சத்தமும்தான். சரிவின் ஒரு பக்கம் ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. மறுபக்கம் முந்நூறு அடிப் பாறைச் செங்குத்து. எது எந்தப் பக்கம் என்பதுதான் இப்போது தெரியவில்லை.

அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது.

மணி அடிக்க வேண்டிய நேரமில்லை அது. உச்சிவேளை மணி எப்போதோ அடித்தாகிவிட்டது. சாவு மணி என்றால் விட்டுவிட்டு அடிப்பார்கள். இது நிற்காமல் அடித்தது. கயிற்றை இழுப்பது யார் என்று லுரேனுக்குத் தெரியும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஒரு சின்ன இடறல் விழும். மெஞ்சாவின் கை அது. அவன் அண்ணன் மனைவி.

ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து ஆளுக்கொரு பாதியில் இருந்தார்கள். அவள் இருமினால் இவனுக்குக் கேட்கும். இவன் விறகு பிளந்தால் அவளுக்குக் கேட்கும். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன், பிப்ரவரியில், அண்ணன் ஜியேரியும் லுரேனும் மேலே புல்கொட்டகையைப் பார்த்துவரப் போனார்கள். பனிச்சரிவு வந்தது. ஒருவன்தான் திரும்பினான். அடக்கத்தன்று கல்லறை வாசலில் எல்லார் முன்னாலும் மெஞ்சா அவனைப் பார்த்து, "நீ எதுக்குத் திரும்பி வந்தே?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவன் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே சொல்லவில்லை. தேவாலயத்தில் மணியடிக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டதும் அவன் தேவாலயம் போவதையும் நிறுத்திவிட்டான்.

மணி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மூடுபனி சத்தத்தைப் பஞ்சாகப் பிய்த்து எறிந்தது. லுரேன் எழுந்து, வாரியின் காம்பால் முன்னால் தட்டித் தட்டி நடந்தான். பக்கத்தில் எதுவோ மூச்சுவிட்டது. வெதுவெதுப்பான மூக்கு ஒன்று அவன் கையை முட்டியது. கிடேரி. ஊர்க்காரன் பிளாசியின் கறுப்புக் கிடேரி, நைரா.

"நீயும் வழி தப்பிட்டியா? உன் முதலாளி உன்னைத் தேடி ஊரையே ரெண்டாக்கிருப்பானே," என்றான். மூடுபனிக்குள் தன் குரலே யாரோ ஒருவனுடையதுபோல் இருந்தது. கிடேரியின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டான்.

இருவரும் நடந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவனால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. தனக்கு முன்னால் இன்னொருவர் நடப்பதுபோல் இருந்தது. புல் மிதிபடும் சத்தம், ஒரு கால் கொஞ்சம் இழுபடும் சத்தம். ஜியேரி அப்படித்தான் நடப்பான். லுரேனுக்குப் பயமாக இல்லை. கூப்பிட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. கூப்பிட்டால் போய்விடுமோ என்று இருந்தது.

சட்டென்று மணி நின்றது.

ஓரடி எடுத்து வைக்கப் பார்த்தான். கிடேரி நகரவில்லை. பட்டையைப் பிடித்து இழுத்தான். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. வாரியை முன்னால் நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தான். தரை இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிடேரியின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மணி மறுபடியும் ஆரம்பித்தது, இந்தத் தடவை தெளிவாக, முதுகுக்குப் பின்னாலிருந்து. திரும்பி நடந்தார்கள்.

தேவாலயத்துச் சுவர் திடீரென்று முகத்துக்கு நேரே வந்தது. கோபுரத்தின் கீழே கதவு திறந்திருந்தது. மெஞ்சா கயிற்றோடு எழுந்து எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஏப்ரன் துணியைச் சுற்றியிருந்தாள். துணி சிவந்திருந்தது. அவனைப் பார்த்தாள். இழுப்பதை நிறுத்தவில்லை.

"வந்துட்டேனே, போதும்," என்றான் லுரேன்.

"நீ வந்துட்டே. பிளாசி வரலை. கிடேரியைத் தேடி அந்தப் பைத்தியம் மேலே போயிருக்கு."

"கிடேரி இங்கே நிக்குது."

"அதை அவன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

லுரேன் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மீட்பு ஹெலிகாப்டருக்குப் போன் பண்ணேன். இந்தப் பனியில பறக்க முடியாதாம். ஜெர்மன்ல ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க. நம்ம மலைப் பாஷையா இருந்தா நல்லாத் திட்டியிருப்பேன். ஜெர்மன்ல எனக்குத் திட்டவே வரலை."

"நடுவுல எதுக்கு அண்ணி நிறுத்தினீங்க?"

அண்ணி என்ற சொல் தானாக வந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

"கை வழுக்கிருச்சு. துணி சுத்திக்கிட்டேன்."

மாறி மாறி இழுத்தார்கள். சாயங்காலம் பிளாசி வந்து சேர்ந்தான், ஒரு பூட்ஸ் இல்லாமல். கிடேரியைப் பார்த்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நாசமாப் போறவளே, எங்கேடி போனே?" என்று அழுதான். அதை ஓட்டிக்கொண்டு போனவன் இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஒரு முழுப் பாலாடைக்கட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று வீடு வந்து சேர்ந்தபோது, வாசலில் லுரேன் தன் பாதிப் பக்கம் திரும்பினான்.

"பார்லி சூப் இருக்கு," என்றாள் மெஞ்சா.

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் சமையலறையில் உட்கார்ந்தான். அவளுக்குக் கரண்டி பிடிக்க முடியவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். வெளியே இன்னும் வெள்ளையாகவே இருந்தது. சன்னலில் பால் தடவியதுபோல்.

"அன்னைக்கு நான் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கும் தெரியலை அண்ணி. நான் முன்னால நடந்தேன். அவன் பின்னால பேசிக்கிட்டே வந்தான். திரும்பினேன். பேச்சு மட்டும் காதுல இருந்துச்சு, ஆளைக் காணோம்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்ன பேசிக்கிட்டு வந்தான்?"

லுரேன் தயங்கினான். இதை அவன் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்க சூப்பைத் திட்டிக்கிட்டு வந்தான். இத்தனை வருஷமாச்சு, இவளுக்கு இன்னும் உப்புப் போடத் தெரியலைன்னு."

மெஞ்சா அவனையே பார்த்தாள். பிறகு காயம்பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நீண்டுகொண்டே போய், இடையில் எங்கோ அழுகையாக மாறிவிட்டது.

லுரேன் எழுந்துபோகவில்லை. இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றிக்கொண்டான்.