அரண்மனைச் சால்வையில் ஒரு கிழிசல்

படீரென்று வீட்டுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. ஆண்ட்ரினா பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பயந்தது சரியாகப் போயிற்று. சுவரில் சாய்த்திருந்த மரச்சட்டத்தைக் காற்று தூக்கிக் கல்வேலி மேல் அடித்திருந்தது. அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தது அரண்மனைக் குழந்தையின் சால்வை. குளிர்காலம் முழுக்கப் பின்னியது. மோதிரத்துக்குள் நுழைத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அத்தனை சன்னம். இப்போது கரையைத் தாண்டி உள்ளே, நடுப்பின்னலில், ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல்.

நடுப்பகுதி நாத்தனார் ஓஸ்லாவின் வேலை. சுற்றிலும் ஓடும் கரை மட்டும்தான் ஆண்ட்ரினாவுடையது. அன்ஸ்ட் தீவில் ஒருத்தி பின்னலில் இன்னொருத்தி ஊசி வைக்கமாட்டாள். கை மாறினால் இறுக்கம் மாறும். துவைத்து இழுத்துக் கட்டும்போது அந்த இடம் தழும்பு போலத் தெரியும்.

சத்தம் கேட்டு வந்த ஓஸ்லாவும் அவளுமாகச் சட்டத்தை வீட்டுக்குள் தூக்கி வந்தபோது கிடியன் வாசலில் நின்றான். லெர்விக் பட்டணத்து வியாபாரியின் ஆள், சால்வையை வாங்கிப்போக வந்தவன். மத்தியானக் கப்பலை விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குச் சால்வை போய்ச் சேராது என்றான். அப்படி ஆனால் இனி அரண்மனை வேலை பக்கத்துத் தீவுக்காரிகளுக்குத்தான் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓஸ்லா பதறவில்லை. ஜன்னலோரம் சட்டத்தைச் சாய்த்து, ஊசியை எடுத்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். விரல்கள் மட்டும் பின்னலின் மேல் ஊர்ந்தன. கிழிசலைத் தொட்டு, தாண்டி, மறுபடி திரும்பின. ஆண்ட்ரினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புக்குப் போனாள், வந்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கப்பலின் புகை தீவின் முனையைத் தாண்டிவிட்டது.

“மகாராணி வீட்டுக் குழந்தை உங்களுக்காகக் குளிர்ல காத்துக் கிடக்காது, ஓஸ்லாக்கா,” என்றான் கிடியன்.

“கிடந்தா என்ன, அதுக்குத்தான் பத்து தாதி இருக்காங்களே,” என்றாள் ஓஸ்லா, திரும்பாமலே.

ஊசி இறங்கியது. தவறான கண்ணியில். ஆண்ட்ரினா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓஸ்லா அதை உருவினாள். மறுபடி குத்தினாள், மறுபடி தவறு. பக்கத்துக் கண்ணி ஒன்று நழுவி, கிழிசல் பெரிதாயிற்று.

வேண்டுமென்றே செய்கிறாளோ? ஊரில் நாலு பேர் இந்தச் சால்வையின் கரையைத்தான் புகழ்ந்தார்கள். அது பொறுக்காமல் சால்வையே போகாதபடி பண்ணப் பார்க்கிறாளோ? நினைத்ததும் ஆண்ட்ரினாவுக்கு முகம் சுட்டது.

“நான் போடட்டுமா அண்ணி?”

“உன் கை இறுக்கம். கோழிக்குத் தீனி போட்டியா?”

“கோழி எங்கயும் போகாது. கப்பல்தான் போகும்.”

கிடியன் சிரித்தான். ஓஸ்லா சிரிக்கவில்லை. கப்பல் துறைக்கு வந்து ஊதியது. கிடியன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதலாளியிடம் என்ன சொல்ல என்று கேட்டான். ஓஸ்லாவின் விரல் கிழிசலையே தடவிக்கொண்டிருந்தது. சரி, முடியவில்லை என்றே சொல்லிவிடுகிறேன் என்று கதவைத் திறந்தான். காற்று உள்ளே பாய்ந்து சால்வை படபடத்தது. அடுத்த கண்ணியும் அவிழத் தொடங்கியது.

ஆண்ட்ரினா பாய்ந்து அந்த இழையை விரலால் அழுத்திப் பிடித்தாள். “இதோ இங்க அண்ணி! கண்ணு முன்னாடிதானே இருக்கு, ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?”

ஓஸ்லாவின் கை அவள் குரல் வந்த பக்கமாக நகர்ந்து, காற்றைத் துழாவி, அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மறு கை ஊசியை அவள் உள்ளங்கையில் வைத்தது. வாசலில் கிடியன் நிற்பது தெரிந்தும் ஓஸ்லா குரலைத் தாழ்த்தவில்லை.

“கண்ணு மங்கி ரெண்டு வருஷமா விரலாலதான் பின்னுறேன்டி, முழுசா இருந்தா விரலுக்குத் தெரியும், கிழிஞ்சது தெரியல... நீயே போடு, அவன் பார்த்துட்டுப் போய் முதலாளிகிட்ட சொல்லட்டும்.”