கடாரச் சிங்கத்தின் வெள்ளோட்டம்

கெடா மாநில வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் வந்தேவிட்டது என்பதைத் தமிழ்கூறு நல்லுலகுக்கு இதனால் அறிவிக்கிறோம். குருண் வாழ் பெருமகனார், ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர், திருமிகு காளிதாசன் அவர்கள் தம் சொந்தப் படகாம் 'கடாரச் சிங்க'த்தை வரும் ஞாயிறு காலை வயல்கால்வாயில் வெள்ளோட்டம் விடுகிறார். அனைவரும் வருக. பசியாறல் உண்டு.

கோயில் வாட்சாப் குழுவில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. எழுதியவரும் திருமிகு காளிதாசன் அவர்களே.

இங்கிலாந்தில் வேலை செய்யும் மகள் ரூபினியைப் பார்க்கப் போனவர், அவளுடைய தோழி குடியிருந்த கால்வாய்ப் படகில் ஒரு வாரம் தங்கினார். பேருந்தை இருபுறமும் அமுக்கிப் பிடித்து இழுத்த மாதிரி ஒடுங்கி நீண்ட படகு. உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருந்தன. அந்த வாரம் முழுவதும் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பது. விமானத்தைவிட்டு இறங்கும்போது நிபுணராக இறங்கினார்.

அன்றிலிருந்து குழுவில் தினமும் 'படகு உரிமையாளர்க்கு ஒரு குறிப்பு' வந்தது. கயிற்றைச் சற்றே தளர்த்திக் கட்டுக. நீர்மட்டம் இறங்கினால் படகு தொங்கிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டிக் கருப்புப் பூச்சு பூசுக. விசிறியில் செடி சிக்கினால் எஞ்சினை அணைத்த பிறகே கையை விடுக. குழுவில் ஒருவரிடமும் படகு இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். மகளிர் குழுத் தலைவி குணசுந்தரி மட்டும், "எங்க தாமான் குடியிருப்புல வெள்ளம் வந்தா வீட்டையே கட்டிப் போடணும், நீங்கதான் வரணும்ண்ணே" என்று எழுதினாள். அதற்கும் அவர் நன்றி தெரிவித்தார்.

நிபுணருக்குப் படகு வேண்டுமே. பக்கத்து ஊர் பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜலீல் கொடுத்தார். இருவருக்கும் இளவட்டக் காலத்துச் சிநேகிதம். ஜலீலின் தகப்பனார் ஆற்றில் இறால் பிடிக்கப் போன நீள மரப்படகு, கடைக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்தது.

"எடுத்துக்குங்கண்ணே. அத்தா மவுத்தானதிலேர்ந்து சும்மா கெடக்கு. உங்க கையில இருந்தா தண்ணியையாவது பாக்கும்."

பணம் என்று பேச்செடுத்ததற்கு, "போங்கண்ணே லா" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் நல்ல கூட்டம். நம்மவர்கள் வண்டி வாங்கினால் எப்படிப் பூசை போடுவார்களோ அப்படியே படகுக்கும் போட்டாக வேண்டும் என்பது காளிதாசனின் கட்டளை. தோட்டத்துக் கோயில் பூசாரி பரஞ்சோதி எலுமிச்சம்பழத்தோடு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டயரு இல்லையே, பழத்த எங்க வைக்கிறது?"

"முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு வைங்க சாமி. தண்ணியில எறங்கறப்ப அதுவா நசுங்கும்."

கரையிலேயே வைத்துப் படகை மஞ்சள் தண்ணீரால் கழுவினார்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் வடிய, படகின் பின்பக்க அடியில் இருக்கும் துளையின் பித்தளை மூடியைக் காளிதாசனே கழற்றினார். அப்போதுதான் அவர் மனைவி புஷ்பவள்ளி தாம்பாளத்தை நீட்டினாள்.

"என்னங்க, சாவிய வைங்க. பூசாரி காத்திருக்காரு."

காருக்குச் சாவி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு உண்டு. கயிற்றை இழுத்து உசுப்பும் இந்தப் படகு எஞ்சினுக்குச் சாவி என்று ஒன்று கிடையாது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சாவியில்லாத வண்டிக்குச் சொந்தக்காரராக நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கையிலிருந்த மூடியை வெற்றிலையின்மேல் வைத்தார்.

"இதுதான் இதுக்குச் சாவி மாதிரி."

பூசாரி மூடிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைந்தது. இளைஞர்கள் சேர்ந்து படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். வெள்ளைச் சட்டையும் மாலையுமாகக் காளிதாசன் அதில் நின்றார். கயிற்றின் மறுமுனையை ஜலீல் கரையில் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவு சிறிய துளை வழியாக அவ்வளவு நீளமான படகு நிறைய வெகு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் காளிதாசனின் தலைமையுரை தாராளமாகக் கொடுத்தது. கடல் கடந்த சோழனில் தொடங்கி இங்கிலாந்துக் கால்வாய்களைத் தொட்டு, "படகுக்காரன் முதலில் பார்க்க வேண்டியது என்ன? படகின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான்!" என்று அவர் விரலை உயர்த்தியபோது கணுக்கால் சில்லிட்டது. கழுவிய தண்ணீராக்கும் என்று மேலே பேசினார். முழங்கால் நனைந்ததும் குனிந்து பார்த்தார். கடாரச் சிங்கம் அவசரமே இல்லாமல், மரியாதையாக, பின்பக்கமாக உட்கார்ந்தது. ஆகாயத் தாமரைக்கு நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில், மாலையோடு அவர் நின்றார்.

யாரோ சிரித்தார்கள். அதுதான் வினையாகிப் போனது.

"பொத்தப் படகக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டான் பாரு, இந்த ஜலீலு!"

சிரிப்பு நின்றுவிட்டது. ஜலீல் கயிற்றைக் கையில் ஒருமுறை சுற்றிக்கொண்டார்.

"அத்தா கடைசி வரைக்கும் இதுலதான்ண்ணே போனாரு" என்றார். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு படகை இழுத்து, கவிழ்த்து, லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஈரத்தோடு கரையில் உட்கார்ந்திருந்த காளிதாசனிடம் பூசாரி தாம்பாளத்தை நீட்டினார். "அண்ணே, உங்க சாவி." திருநீற்றுக்கும் பூவுக்கும் நடுவில், நெற்றிப் பொட்டோடு மூடி இருந்தது. காளிதாசன் அதைப் பார்த்தார். படகின் துளை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கூப்பிடு தூரத்தில்தான் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிடவில்லை. மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, பழக்க தோஷம், விரல் தானாகக் குறிப்பை எழுதிவிட்டது: 'பழைய படகை நம்பிக்கையான ஆளிடம் மட்டுமே வாங்குக.' அனுப்பிய பிறகுதான் படித்தார். அழிக்கப் போனால் அதற்குள் ஏழெட்டுக் கட்டைவிரல் தூக்கப்பட்டிருந்தது. முகம் கொதித்தது. தனியாகத்தான் இருந்தார், ஆனாலும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குறிப்பைப் படித்துவிட்டிருந்த புஷ்பவள்ளி, கொல்லையில் துணியை அலசிக்கொண்டே கேட்டாள். "நம்பிக்கையான ஆளுன்னா யாரு? மூடியக் கழட்டி வச்சுட்டுத் தண்ணியில எறங்குறவரா?"

"உனக்கு எப்படி..."

"சட்டப் பைய தொவைக்கிறது யாராம்? சாமி மேடையில வச்சிருக்கேன். காலையில சாயங்காலம் கும்பிட்டுக்கிட்டு இருங்க."

அந்த வாரம் அவர் பீடோங் பக்கம் போகவில்லை. குருணிலேயே ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தார், கழுநீராக இருந்தது. ஜலீலின் கடையில் அவருக்கென்று ஒரு மேசை உண்டு. அந்த மேசையில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஜலீல் கயிற்றைச் சுற்றிக்கொண்டது கண்ணில் நின்றது. ஓசியில் கொடுத்தவனைத் திருடனாக்கியாயிற்று. செத்துப்போன மனுசனின் படகைப் பொத்தல் என்று சொல்லியாயிற்று. இன்னும் ஒரு வாரம் போனால் அந்த மேசை நிரந்தரமாக இல்லாமல் போகும். அது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கடையில் கூட்டம் அலைமோதியது. இதுவும் ஒருவகையில் நல்லதுதான், சபை நடுவே சொன்ன பழியைச் சபை நடுவேதான் துடைக்க வேண்டும் என்று முடிவுசெய்து, கல்லா அருகில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஜலீல் கொடுத்த படகில் ஓட்டை இல்லை! மூடியைப் போட மறந்தவன் இந்தக் காளிதாசன்!"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பொட்டலத்துக்குக் காத்திருந்த ஒருவர், "தாப்பாவ் எவ்வளவு நேரமாகும்?" என்று அவரைக் கேட்டார்.

ஜலீல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூடியை வாங்கிப் பார்த்தார். குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அன்னிக்கு நம்ம சனம் முன்னால சொன்னீங்கண்ணே. இன்னிக்கு இவங்க முன்னால சொல்றீங்க. இவங்க வேற ஆளுங்க."

ஜலீல் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து, காளிதாசன் கைப்பேசியை எடுத்தார். 'அன்பார்ந்த உறவுகளே, மனித வாழ்வில் தவறு என்பது' என்று தொடங்கினார். அழித்தார். 'விதியின் விளையாட்டால்' என்று எழுதினார். அதையும் அழித்தார். வேர்வை கைப்பேசியில் சொட்டியது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'மூடியை நான் போடவில்லை. படகு நல்ல படகு. ஜலீலைத் திட்டியது என் தப்பு.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

குணசுந்தரி உடனே பதில் போட்டாள்.

"அது அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரியும்ண்ணே."